முப்பத்து மூன்று அங்குலம்

1986இல் எங்கள் வீட்டு ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டபோது அப்பா அம்மாவிடம் சொன்ன விலை ஆயிரத்து இருநூறு ரூபாய், நாலும் சேர்த்து. போடிநாயக்கனூரில் பழைய டயர் விற்கிற கடையில் அவர் எண்ணிக் கொடுத்தது இரண்டாயிரத்து நானூறு. நான் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பி வரும் வழியில், “அம்மா கேட்டா நீ ஒண்ணும் வாயத் திறக்காத” என்றார். திறக்காமல் இருக்க ஒரு ரோஸ்மில்க்கும் வாங்கிக் கொடுத்தார். அம்மா கேட்டாள். அப்பா பாதியைச் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் தூக்காமல் “ம்” என்றாள். ஆம்பிளைகள் எவ்வளவு சாமர்த்தியசாலிகள் என்று பதினாறு வயதில் எனக்குப் புரிந்த நாள் அது.

அந்த ஜீப்பை மஹிந்திரா ஜீப் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. பாடி மஹிந்திரா. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறெதிலிருந்தோ ஒரு டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கு மலையில் ஓடிய ஜீப்புகளில் பாதி அப்படித்தான். பின்பக்கத்தைத் தச்சரும் வெல்டரும் சேர்ந்து நீட்டியிருந்தார்கள். காலையில் அது ஆள் வண்டி, சாயங்காலம் ஏலக்காய் வண்டி, நடுவில் அரிசி, உரம், மண்ணெண்ணெய், எப்போதாவது பிரசவ வலி வந்த பெண். பிக்கப் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதுதான் பிக்கப்.

அப்பா பூப்பாறைக்கு அப்பால் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அது ராஜபாட்டை, பஸ்ஸே போகும். மெட்டு தாண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கிய பிறகுதான் விஷயம். ஆறு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை. வெயில் காலத்தில் கல், மழைக் காலத்தில் கல் தெரியாத சகதி. சக்கரம் ஓடி ஓடி இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்து, நடுவில் மண்மேடு நிமிர்ந்து நிற்கும். ஜீப்பின் அடிவயிறு, அதாவது டிஃபரன்ஷியல் ஹவுசிங், அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டால் நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும். தோட்ட வேலைக்கு வரும் பதினைந்து பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறங்கும்போது அப்பாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வார்கள். அந்த வார்த்தைகளைக் குறைப்பதற்காகத்தான் பெரிய டயர்.

கம்பெனி கொடுத்தது 600-16. அதற்குப் பதில் மினி லாரிக்கு வருகிற 750-16. டிஸ்க் அதே பதினாறு அங்குலம். டயர் மட்டும் தடித்து, மொத்த உயரத்தில் இரண்டரை மூன்று அங்குலம் கூடும். கூடியதில் பாதிதான் அடிவயிற்றுக்குக் கிடைக்கும், மறுபாதி மேலே மட்கார்டுக்குப் போய்விடும். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் எங்கள் டிரைவர் மாமா. மாமா என்றால் உறவில்லை. ஜீப் ஓட்டுகிற எல்லோரும் மாமாதான். அந்த ஒன்றரை அங்குலத்துக்கா இரண்டாயிரத்து நானூறு என்று நான் கேட்டபோது, “மாப்ள, மூக்குக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒன்றரை அங்குலம் இருந்தா போதும், ஆளு உசுரோட இருப்பான்” என்றார்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து, 2024 மே மாதம், நானும் என் வண்டிக்குப் பெரிய டயர் போட்டேன்.

என்னுடையது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில், நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் செய்கிறார்கள். நீளம் 5.3 மீட்டருக்கு ஒரு சுண்டுவிரல் குறைவு. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் காருக்குக் கோடு போட்டிருக்கும் இடம் அந்த நீளத்தைக் கற்பனை செய்ததில்லை. மூக்கு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில் வாங்கியது. பின்னால் இருக்கும் அந்தப் பெரிய தொட்டியில் இதுவரை நான் ஏற்றிய சுமை: ஒரு ஃபிரிட்ஜ், மச்சினன் வீட்டு மெத்தை, பொங்கலுக்குக் கரும்பு ஒரு கட்டு.

இந்த வண்டிக்கு எதற்கப்பா பெரிய டயர் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவியும் கேட்டாள். “ஏங்க, நாம தினம் போறது பள்ளிக்கரணைக்கா, பனிமலைக்கா?” நியாயமான கேள்வி. என்னிடம் பதில் தயாராக இருந்தது: வெள்ளம். வேளச்சேரிக்காரன் எந்தச் செலவுக்கும் வெள்ளத்தைக் காரணம் சொல்லலாம். 2015 டிசம்பர் என்று ஆரம்பித்தாலே வீட்டில் எதிர்ப்புக் குரல் அடங்கிவிடும்.

உண்மையான காரணம், சிக்னலில் ஒரு நாள் என் பக்கத்தில் இன்னொரு வி-கிராஸ் வந்து நின்றது. அதன் டயர் என் டயரைப் பார்த்த பார்வை.

கடைக்குப் போனேன். அதைக் கடை என்று சொல்லக் கூடாதாம், ஸ்டுடியோ. உள்ளே ஏசி, காபி மெஷின், சுவரில் பாலைவனப் படம். டயர்களை நகைக்கடையில் அட்டிகை வைக்கிற மாதிரி விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். தாடி வைத்த ஒரு தம்பி வந்தான். “அண்ணா, ஸ்டாக்ல உங்களுக்கு 255/60 ஆர் 18. நாம 285/70 ஆர் 17 போயிடலாம். சும்மா மிரட்டும்” என்றான். யாரை மிரட்டும் என்று நான் கேட்கவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதில் ஒன்றேகால் மாதம் படித்துத் தேறியவன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. மூன்றாவது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைத்தவன் நிச்சயம் எங்கள் வங்கியில் வட்டிக் கணக்கு எழுதியவனாக இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் பழைய டயரின் முழு உயரம் 763 மில்லிமீட்டர், முப்பது அங்குலம். புதியது 831, கிட்டத்தட்ட முப்பத்து மூன்று. இதில் ஒரு வேடிக்கை: பெரிய சக்கரம் வேண்டுமென்றால் முதலில் சின்ன டிஸ்க் வாங்க வேண்டும். பதினெட்டைக் கழற்றிப் பதினேழு போட்டால்தான் ரப்பர் சுவர் உயரும், கல்லில் ஏறினால் வளைந்து கொடுக்கும், காற்றைக் குறைத்து ஓட்டினாலும் டிஸ்க் அடிபடாது. ஆக, நன்றாக இருந்த நாலு பதினெட்டு அங்குல டிஸ்க்கை பால்கனியில் அடுக்கிவிட்டு, சின்னதாக நாலு டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கினேன். மனைவியிடம் டிஸ்க் ஆஃபரில் வந்தது என்றேன்.

டயர் ஒன்று இருபத்தெட்டாயிரம். நாலுக்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். “வெளிநாட்டு டயர்ணா, 2020 ஜூன்ல இருந்து இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு வச்சுட்டாங்க, அடுத்த லாட் எப்ப வரும்னே தெரியாது” என்று தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, கள்ளச்சாராயம் வாங்குகிறவனைப் போல நானும் குரலைத் தாழ்த்தி “நாலும் எடுத்து வச்சிடு” என்றேன்.

வீட்டில் ஐம்பத்தாறாயிரம் என்று சொன்னேன். பரம்பரைச் சொத்தில் தோட்டம் கைவிட்டுப் போனது. இந்த வகுத்தல் கணக்கு மட்டும் கைக்கு வந்து சேர்ந்தது. அப்பா காலத்தில் இது சுலபம். இப்போது பணம் எடுத்தால் வங்கி உடனே குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது. நான் வங்கிக்காரன் என்பதால் அது எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். முப்பது வருடச் சேவை வீண்போகவில்லை.

அப்பா அன்றைக்கு டயர் வாங்கிய விதம் வேறு. கடை என்பது ஒரு புளியமரம். டிரைவர் மாமா ஒவ்வொரு டயரையும் உருட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பட்டனுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கினால் ரப்பரில் உயிர் இருக்கிறது. இப்போது டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று. ஜாதகம் எழுதியே பிறக்கிறது. எங்கள் நாலு டயரில் இரண்டு ரீபட்டன். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிச் சுட்டது. இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். திருவொற்றியூரில் 1946இல் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1952இல் இந்த ரீட்ரேடு ரப்பருக்கு வந்து, அதன் பிறகு 1961இல்தான் டயர் செய்யவே ஆரம்பித்தது. பழசைப் புதுசாக்கிக் கற்றுக்கொண்டுதான் புதுசுக்கே வந்தார்கள்.

மாட்டியதும் முதல் பிரச்சினை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசும்.

டிரைவர் மாமா ஒடித்துப் பார்த்தார். இடப்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசியது, வலப்பக்கம் மட்கார்டில். ஒரு சுத்தியலை எடுத்து மட்கார்டின் உதட்டை உள்பக்கமாக மடக்கினார், எட்டு அடி. பிறகு முன் ஆக்சிலில், சக்கரம் இதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் அந்தச் சின்ன போல்ட்டில் இரண்டு வாஷர் சேர்த்தார். முடிந்தது. பெரிய டயர், ஆனால் முன்போல் ஒடியாது. ஆகவே தோட்டத்துப் பாதையின் ஒரு வளைவில் முன்பு ஒரே மடக்கில் திரும்பிய ஜீப், இப்போது ஒரு தடவை பின்னால் வந்து திரும்ப வேண்டும், அதுவும் பின்சக்கரம் பள்ளத்தின் ஓரத்தைத் தொட. பெண்கள் அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்வார்கள். தள்ளுகிற வேலை குறைந்து பக்தி கூடியது. மொத்தச் செலவு: இரண்டு வாஷர், மாமாவுக்கு ஒரு டீ.

என் வண்டியில் உரசியபோது ஸ்டுடியோ தம்பி உரசுகிறது என்று சொல்லவில்லை, “கிளியரன்ஸ் இஷ்யூ” என்றான். அதற்கு லிஃப்ட் கிட் வேண்டும், இரண்டு அங்குலம். வண்டியை உயர்த்தினால் அலைன்மெண்ட் கெடும். அதற்கு சஸ்பென்ஷனில் மேல்கை ஒரு ஜோடி. புது டிஸ்க் சக்கரத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளியது; மழையில் சேறு கதவு முழுக்க அடித்தது; அதற்கு மட்கார்டுக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் மட்கார்டு. ஒவ்வொரு சக்கரமும் எட்டுப் பத்துக் கிலோ கூடியதால் பிரேக் பிடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. அதற்கு வேறு பிரேக் பேட். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போக வேண்டும், இன்ஜினுக்கு அது எப்போதும் ஒரு கியர் தூக்கிப் போட்ட மாதிரி. பாலம் ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர் எதில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் அலைந்தது. “கிரவுன் பினியன் மாத்தணும்ணா, அது இங்க கிடைக்காது, ரீமேப் பண்ணிடலாம்” என்றான். வண்டியின் கம்ப்யூட்டர் மூளையைத் திருத்துவதற்குப் பெயர் ரீமேப். என் மூளைக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்க எனக்கு அன்று தோன்றவில்லை.

ஸ்பீடோமீட்டர் கதை தனி. அது தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிப் பெருக்குகிறது. டயர் ஒன்பது சதவீதம் பெரிதாகிவிட்டது அதற்குத் தெரியாது. நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்றிரண்டு என்று எழுதிக்கொள்ளும். மீட்டரில் நூறு என்று நான் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் போனில் ஜிபிஎஸ் நூற்று ஆறு என்றது. (கம்பெனிக்காரர்கள் எப்போதும் மீட்டரை ஒரு சிட்டிகை கூட்டியே வைப்பார்கள்; அதனால்தான் ஆறோடு நின்றது.) மைலேஜும் உள்ளதை விடக் குறைவாகவே காட்டும். ஏற்கெனவே குறைந்ததைக் குறைத்துக் காட்டினால் மனிதன் என்ன செய்வான்? அந்தத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஜீப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. அதன் ஸ்பீடோமீட்டர் நான் பிறப்பதற்கு முன்பே இருபதில் நின்றுவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

சட்டம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. என் வண்டியில் எத்தனை மாற்றம் என்று ஒருநாள் இரவு எண்ண ஆரம்பித்து, தூக்கம் வராமல் போய்விடும் என்று ஏழோடு நிறுத்திக்கொண்டேன். 1986இலும் சட்டம் இருந்தது. ஆனால் அது மலைமேல் ஏறி வரவில்லை. அதனிடம் அதற்கான டயர் இல்லை.

வெள்ளத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்த ஆரம்பித்தார்கள். டிவியில் காட்டினார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். முப்பத்து மூன்று அங்குல டயரும் இரண்டு அங்குல லிஃப்ட்டும் போட்டு, வெள்ளத்துக்காகவே ஆயத்தமாக நின்ற ஒரே வண்டி அந்தத் தெருவில் என்னுடையது. கீழே இறங்கி அதைப் பார்த்தேன். இத்தனை செலவழித்த வண்டியைத் தண்ணீரில் விடுவதா? ராத்திரி பத்து மணிக்கு மேம்பாலத்தில் ஒரு ஆல்டோவுக்கும் ஒரு வேகன்ஆருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆல்டோக்காரர் என் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்களுமா சார்?” என்றார். பயமுறுத்திய அளவுக்கு மழை வரவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆக வெள்ளம் கைகொடுக்கவில்லை. டயருக்கு ஒரு மோசமான ரோடு காட்டியாக வேண்டும். எழுபத்தெட்டு வயதில் அம்மா போடியில் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் டிசம்பரில் கிளம்பினோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், பெரும்பகுதி நால்வழிச் சாலை, முகம் பார்க்கலாம் போல. அந்தத் தாரில் என் டயர் பட்டன்கள் போட்ட சத்தம் திண்டுக்கல் வரை ஒரே ஊளை. மனைவி பேசியது எதுவும் கேட்கவில்லை. டயரின் எல்லாக் குணங்களையும் குறையென்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் காலை மனைவியை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மலையேறினேன். ஆறு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை, எனக்குக் கல் கல்லாகத் தெரிந்த பாதை. மழை பெய்தால் டிரைவர் மாமா அந்த முனையில் ஜீப்பை நிறுத்துவார். ஒரு தீக்குச்சியை வால்வில் அழுத்திக் காற்றை இறக்குவார், வாயில் எண்ணிக்கொண்டே: முன்னுக்கு இருபது, பின்னுக்கு முப்பது. காற்று இறங்கினால் டயர் கீழே கொஞ்சம் பரந்து பிடிக்கும். ரொம்பப் பரந்தாலும் ஆகாது அவருக்கு. “சகதியில டயரு கத்தி மாதிரி இறங்கி அடியில இருக்கிற கெட்டித் தரையப் பிடிக்கணும் மாப்ள. தோசைக்கல்லு மாதிரி மேல மெதக்கக் கூடாது” என்பார். மணலில் அகலம் நல்லது, மலைச் சகதியில் ஒல்லிதான் நல்லது என்று பிற்பாடு நான் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான். அதற்கும் பிடிக்காவிட்டால் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி. திரும்பி வரும்போது காற்றடிப்பது என் வேலை. கால் பம்ப், ஒரு சக்கரத்துக்கு இருநூறு மிதி. எனக்கு இன்றைக்கும் வலது முழங்கால் பேசும்.

அதே முனையில் வண்டியை நிறுத்தினேன். டிஜிட்டல் மீட்டரை எடுத்து நாலு டயரிலும் முப்பத்தைந்திலிருந்து இருபதுக்கு இறக்கினேன். போனில் பேசுகிற கம்ப்ரசர் ஒன்றும் இருந்தது, திரும்ப அடிக்க. 4 எல், அதாவது ஃபோர் வீலின் மெதுவான கியர், போட்டேன். கண்ணில் கொஞ்சம் ஈரம்கூட வந்திருக்கலாம். வளைவு திரும்பினேன்.

கான்கிரீட். ஆறு கிலோமீட்டரும் கான்கிரீட். கல்யாண மண்டப வாசல் மாதிரி கோடு கிழித்த கான்கிரீட், ஓரத்தில் வாய்க்கால், பள்ளம் இருந்த இடத்தில் தடுப்புச்சுவர். எந்த வளைவில் பெண்கள் கண்ணை மூடினார்களோ அங்கே ஒரு குவிகண்ணாடி வைத்திருந்தார்கள். எதிரில் ஒரு பையன் ஸ்கூட்டியில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனில் பேசிக்கொண்டு என்னைக் கடந்துபோனான்.

அன்று டயர் தேடினோம், இந்த ரோட்டுக்காக. இன்று ரோடு தேடி வந்தேன், இந்த டயருக்காக. சாலை போட்டவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை வெளியே சொல்ல முடியாது. பிரசவ வலியில் அந்தப் பாதையில் குலுங்கிய பெண்களை ஜீப்பின் பின்பக்கத்தில் பார்த்தவன் நான். இருந்தாலும் கோபம் வந்தது.

கோபத்தில் கொஞ்சம் ஓரமாக ஏற்றினேன். தடுப்புச்சுவர் முடிகிற இடத்தில், கட்டியவர்கள் வெட்டாமல் விட்ட துண்டுக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காற்றிறங்கிய டயரின் வயிறு பக்கவாட்டில் பிதுங்கித்தானே இருக்கும். இடப்பக்கப் பின்சக்கரம், பக்கச்சுவரில் நாலு விரற்கடைக் கிழிசல். முகத்தில் பஞ்சர் விழுந்தால் ஒட்டலாம், பக்கச்சுவர் கிழிந்தால் பத்து பிளை டயரும் செருப்புக்குத்தான். இருபத்தெட்டாயிரம். வீட்டுக் கணக்கில் பதினாலு.

கம்பெனி ஜாக்கி புது உயரத்துக்கு எட்டவில்லை. நான் கல் தேடினேன். கான்கிரீட் ரோட்டில் கல் கிடைப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் கீழே தோட்டத்திலிருந்து ஒரு ஆள் ஜீப் வந்து நின்றது. பதினேழு பேர், பெரும்பாலும் பெண்கள், தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. டயர் ஒல்லி, பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அண்ணே, ஸ்டெப்னி?”

அடியில் தொங்கியது பழைய அளவு ஸ்டெப்னி. புது அளவு அந்த இடத்தில் நுழையாது என்று அன்றைக்கு ஸ்டுடியோவில் சொன்னார்கள்; பின்னால் தொட்டியில் மாட்ட ஒரு ஸ்டாண்டு பதினெட்டாயிரம் என்றார்கள்; எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு என்று காட்டுவதற்காக அதை மட்டும் வேண்டாம் என்றிருந்தேன்.

அவன் ஸ்டெப்னியை டயருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். மூன்று அங்குலம் குட்டை. “இதப் பின்னால போடக் கூடாதுண்ணே. ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசுன்னா ஹவுசிங்குக்குள்ள பல்லு ராத்திரி பகலா சண்டை போடும். முன் சக்கரத்தக் கழட்டிப் பின்னால போட்டுட்டு, இத முன்னால மாட்டுவோம். ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஃபோர் வீல் மட்டும் போட்டுறாதீங்க.” ஆக, ஃபோர் வீலுக்காகப் போட்ட டயர் ஃபோர் வீலுக்கு ஆகாமல் போனது. இரண்டு சக்கரம், பன்னிரண்டு நட். தன் ஜீப்பிலிருந்து ஒரு கட்டையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்தான். முழு வேலைக்கும் இருபது நிமிடம்.

பெண்கள் இறங்கித் தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். வயதான அம்மா ஒருத்தி என் வண்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏப்பா, இதுல எத்தனை பேரு போகலாம்?”

“அஞ்சு பேரு தாயி.”

“அஞ்சா?” அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். “அப்ப இது எதுக்கு?”

மெத்தை, ஃபிரிட்ஜ், கரும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சாமான் ஏத்த” என்றேன். அவள் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு, “டயரு நல்லா லெச்சணமா இருக்கு” என்றாள். எனக்காகச் சொன்னது. டிரைவர் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான். ஏறும்போது மட்டும், “அண்ணே, அந்தக் கிழிஞ்ச டயரு வேணுமா? வீட்டுல ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஆகும்” என்று கேட்டான். கொடுத்துவிட்டேன். டிஸ்க்கிலிருந்து அதைப் பிரிக்க போடி வரை பின்னாலேயே வந்தான். மிஷின் வைத்திருக்கும் கடையில் இரண்டு நிமிடத்தில் பிரித்தார்கள். வெற்று டிஸ்க்கைத் தொட்டியில் போட்டுக்கொண்டு, முன்பக்கம் இடப்பக்கமாகச் சற்றே தலை சாய்த்த வண்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

முற்றத்தில் அம்மாவும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். கண் சரியாகத் தெரியாது என்பாள். சக்கரத்தின் மேல் கையை வைத்து, பட்டன் பட்டனாகத் தடவிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தை ஒரு முறை அழுத்தினாள்.

“நாலும் என்ன விலைடா?”

மனைவி பக்கத்திலேயே இருந்தாள். ஒரே விலையைத்தானே சொல்ல முடியும்.

“ஐம்பத்தாறாயிரம்மா.”

“ம்” என்றாள் அம்மா. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்து, விட்ட வெங்காயத்தை எடுத்தாள். “அப்ப லட்சத்துப் பன்னண்டாயிரம்.”

மனைவி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.